நாவலாசிரியர் வீட்டுச் சொட்டு

வீடு என்று இருந்தால் ஒழுகத்தான் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒழுகினால் முதலில் பாத்திரம் வைப்பார்கள். பிறகு கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்பார், வரமாட்டார். இதுதான் உலக நடைமுறை. ஆனால் கணக்கு டீச்சர் வீட்டு ஒழுக்கு இந்த நடைமுறைக்குள் அடங்கவில்லை. காரணம், அது இலக்கியத்தில் இடம்பெற்ற ஒழுக்கு.

அது பழைய ஓட்டு வீடு. கீழே முன்னறை, படுக்கையறை, சமையலறை. மேலே பலகைத் தளம் போட்ட ஒரே ஒரு மச்சு அறை. கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அந்த வழியாக மச்சு அறைக்குள் இறங்கி, பலகை இடுக்கில் புகுந்து, நேராகக் கீழே முன்னறையில் சொட்டும். அந்தக் காலத்தில் இங்கே வாடகைக்கு இருந்த ஒரு பெரிய நாவலாசிரியர் அதே முன்னறையில் மேஜை போட்டு எழுதிக்கொண்டிருந்தாராம். 'என் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அதற்குள் ஓர் உலகம் இருந்தது' என்று நாவலைத் தொடங்கிவிட்டாராம். அந்த முதல் வரி தெரியாதவர் ஊரில் கிடையாது. இரண்டாவது வரி தெரிந்தவரும் கிடையாது.

டீச்சரும் அவர் கணவரும் அந்த வீட்டை விலைக்கு வாங்கி வருஷக்கணக்காகிறது. கணவர் பஸ் கண்டக்டர். ஒழுக்கோடு இருவரும் ஒரு மாதிரி அனுசரித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மச்சு அறையில் யாரும் படுப்பதில்லை என்பதால் பெரிய தொல்லை இல்லை. இந்த வருஷம்தான் கதை மாறியது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மழைக்காலம் முழுக்கப் பிள்ளையோடு வந்து இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கொடுக்க மச்சு அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

"என் பேரன் மேல ஒரு சொட்டு விழக்கூடாது, சொல்லிட்டேன்," என்றார் டீச்சர்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கூரைகிட்ட சொல்லு," என்றார் கண்டக்டர்.

டீச்சர் கூரையிடம் சொல்லவில்லை, கொத்தனாரிடம் சொன்னார். அதிசயத்திலும் அதிசயமாக, கொத்தனார் சொன்ன நாளில் வந்தார். ஏணி போட்டு, கையில் புது ஓட்டோடு பாதி ஏறியிருப்பார். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மரபுச் சின்னங்கள் பேணல் துறை அதிகாரி கீழே குதித்தார்.

"நிறுத்துய்யா! கையில என்ன அது?"

"ஓடு சார்."

"எதுக்கு?"

"பழைய ஓடு ஒழுகுது சார்."

"அதைக் காப்பாத்தத்தான்யா நான் ஓடி வந்திருக்கேன்! இறங்கு, இறங்கு!"

கொத்தனார் ஏறியதைவிட வேகமாக இறங்கி, ஓட்டை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். அதிகாரி பையிலிருந்து அரசாணையை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே கேட்கும்படி வாசித்தார். மேற்படி இல்லத்தின் மேற்படி கூரையிலிருந்து மேற்படி முன்னறையில் விழும் மேற்படி சொட்டானது தேசத்தின் அரிய மரபுச் செல்வமாக இன்று முதல் அறிவிக்கப்படுகிறது.

"சார், வீடு எங்களோடது. பத்திரம் இருக்கு," என்றார் டீச்சர்.

"யாரும்மா இல்லேன்னா? வீடு உங்களோடது. ஓட்டையும் உங்களோடதுதான். அதுவழியா விழற சொட்டு மட்டும் அரசாங்கத்தோடது."

"அப்போ மழை யாரோடது?"

"அது வானிலைத் துறை. அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

அன்று மாலையே முன்னறையைத் துறை எடுத்துக்கொண்டது. ஒரு மேஜை போட்டார்கள். அது நாவலாசிரியர் எழுதிய மேஜை அல்ல, துறையில் வேண்டாம் என்று ஒதுக்கிய மேஜை. சுற்றிலும் கயிறு கட்டினார்கள். 'இங்கே சொட்டு விழும். அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டினார்கள். டீச்சரும் கண்டக்டரும் கொல்லைப்புற வாசல் வழியாக வீட்டுக்குள் போய்வர அனுமதி உண்டு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டீச்சர் லேசில் விடுகிற ஆள் இல்லை. கணக்கு டீச்சர் அல்லவா, விடை வராமல் தூக்கம் வராது. மறுநாள் நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு துறை அலுவலகத்துக்கே போய்விட்டார். உள்ளே போனதும் மடக்கப்போன குடையை மறுபடி விரிக்க வேண்டியதாயிற்று. நாலு மூலையிலும் வாளி. கம்ப்யூட்டருக்கு மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். அதிகாரி ஒரு கையில் குடையும் ஒரு கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இங்கேயும் ஒழுகுதே?"

அதிகாரி முகம் சுருங்கியது. "அந்த வயித்தெரிச்சலைக் கேட்காதீங்கம்மா. ரிப்பேருக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு."

"உங்களுக்கு ரிப்பேர் வேணும், எனக்கு மட்டும் வேண்டாமா?"

"இது வெறும் ஒழுக்கும்மா. இதுக்குக் கீழே உட்கார்ந்து யாரும் நாவல் எழுதலை. உங்க வீட்டு ஒழுக்குக்குக் கொடுத்துவச்சிருக்கணும்."

"பச்சைப்புள்ள வரப்போகுது சார். நனைஞ்சா ஜுரம் வரும்."

"வரட்டுமே. அந்தச் சொட்டுல நனைஞ்சா புள்ள நாளைக்கு எழுத்தாளனா வருவான்."

"அதுக்கு ஜுரமே தேவலை," என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து வந்துவிட்டார்.

இதற்குள் ஊருக்குச் சொட்டுப் பித்து பிடித்துவிட்டது. முன்னறைக்குக் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். தலையை நீட்டிக்கொண்டு கயிற்றோரம் நின்றார்கள். சொட்டு விழுந்தவர் கண்ணை மூடிக்கொண்டார், விழாதவர் பொறாமைப்பட்டார். கண்டக்டருக்கு அன்றைக்கு லீவாக இருந்தால் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க, வாங்கினவங்க இறங்குங்க," என்று ஒழுங்குபடுத்துவார். ஊரிலுள்ள எழுத்தாளர்கள் சொட்டு வாங்கியவர், வாங்காதவர் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சொட்டு உச்சந்தலையில் விழுந்தால்தான் நாவல், நெற்றியில் விழுந்தால் சிறுகதை என்று ஒரு விமர்சகர் கூட்டம் போட்டுப் பேசினார். காதில் விழுந்தால் என்ன என்று ஒருவர் எழுந்து கேட்டதற்கு, அவர் விமர்சகராவார் என்று பதில் வந்தது.

பிறகு நாகரிகம் வீடுகளுக்குப் பரவியது. ஒழுகாத வீட்டில் இருப்பது பண்பாடில்லாத செயல் என்று பெரிய மனிதர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு வக்கீலம்மா புத்தம்புது கான்கிரீட் தளத்தில் டிரில் போட்டு ஓட்டை வைத்துக்கொண்டார். அதற்கென்றே ஒழுக்கு வடிவமைப்பு நிபுணர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து போனார். வக்கீலம்மா சமையலறை ஜன்னல் பக்கம் வந்து நின்று, "எங்க ஹாலில் ரெண்டு இடத்துல ஒழுகுது டீச்சர். உங்களுக்கு இன்னும் ஒரு இடம்தானா?" என்று இரக்கத்தோடு கேட்டார். டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டி வளைந்தது.

மகள் வருகிற நாள் நெருங்கியது. டீச்சர் மச்சு அறையில் கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தள்ளிப் பார்த்தார். எங்கே போட்டாலும் தண்ணீர் பலகை மேல் ஓடி வந்து கட்டில் காலை நனைத்தது. ராத்திரி படுத்துக்கொண்டு புலம்பினார், கண்டக்டர் குறட்டை விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புறா ஒன்று உடைந்த ஓட்டின் மேல் கூடு கட்டியது. குச்சி, இலை, சேறு எல்லாவற்றையும் கொண்டுவந்து அடைத்தது. ஒரு பகல் முழுக்க மழை கொட்டியும் முன்னறையில் ஒரு பொட்டு விழவில்லை. காத்திருந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. டீச்சர் புறாவுக்கு ஒரு கிண்ணம் அரிசி வைத்தார்.

மறுநாள் அதிகாரி வந்துவிட்டார். கூடவே விளக்கம் கேட்கும் நோட்டீஸும் வந்தது.

"என்னம்மா இது? அரசாங்கச் சொத்தை ஒழுகவிடாம பண்ணியிருக்கீங்க?"

"நான் எங்கே பண்ணினேன்? புறா பண்ணிச்சு."

"புறாமேல நாங்க நடவடிக்கை எடுக்க முடியாது. அது வனத்துறை."

"அப்போ என்மேல எடுப்பீங்களா?"

"வேற யாருமே கைக்கு அகப்படலையேம்மா," என்றார் அதிகாரி, மனம் விட்டு.

புறாவுக்குக் கொல்லைப்புறத்தில் பெட்டி வைத்துக் குடிமாற்றினார்கள். கூட்டை எடுத்துப் பார்த்தால், அடியில் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. சொட்டு பழையபடி விழவில்லை. இரண்டு சொட்டு விழும், நின்றுவிடும். மரபுக்கு ஒவ்வாத இடத்தில் விழும். ஆகவே மேற்படி ஒழுக்கைப் பழைய பொலிவுக்கு மீட்டெடுப்பதென்று துறை முடிவு செய்து டெண்டர் விட்டது.

வேலை யாருக்குப் போகும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பஸ் நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, துறையின் சொந்த அலுவலகம் எல்லாம் கட்டிய அதே கான்ட்ராக்டர்தான். அவர் கை பட்டு ஒழுகாத கட்டடம் ஒன்றுகூட ஊரில் இல்லை. இந்த வேலைக்கு இவரைவிட அனுபவசாலி எங்கே கிடைப்பார்? அவரும் தாடையைத் தடவிக்கொண்டு, "விடுங்க சார், இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல பண்ற வேலை," என்றார்.

ஆட்கள் வந்தார்கள். பழைய ஓடுகளை எல்லாம் இறக்கினார்கள், ஏற்றினார்கள், பூசினார்கள், போனார்கள். அதிகாரி கூரை மேல் ஆளை ஏற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கீழே எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு குடம். ஒன்றும் விழவில்லை. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுக் குழாயால் பீய்ச்சி அடித்தார்கள். மச்சு அறை வெயிலில் காய்ந்த அப்பளமாக இருந்தது.

கான்ட்ராக்டர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினார் அதிகாரி.

"என் தொழிலில் இப்படி ஒரு அவமானம் நடந்ததே இல்லை சார்," என்று கான்ட்ராக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டெண்டர்ல என்ன போட்டிருந்தீங்க? தரம் குறைஞ்ச சிமெண்ட்டுதானே?"

"ஆமா. ஒழுகணுமில்ல?"

"டெண்டர்ல போட்ட சிமெண்ட்டை நான் என்னைக்கு சார் போட்டிருக்கேன்? பழக்கத்துல மாத்திட்டேன். முதல்தரமா விழுந்துடுச்சு."

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. வேலை முடிந்துவிட்டதாக அதிகாரி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கூரையை மறுபடி பிரிக்க வேண்டுமானால் கூரை கெட்டுப்போனதாக அறிக்கை வேண்டும். கூரையோ ஊரிலேயே ஒழுகாத ஒரே கூரையாக இருந்தது. அதிகாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கான்ட்ராக்டருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "உங்க கையால நல்லது நடந்திருக்கு, மனசு விட்டுடாதீங்க," என்று தேற்றி அனுப்பினார்.

மகள் வந்தாள். பேரன் வந்தான். கொழுகொழுவென்று, உருட்டி வைத்த மாவு போல இருந்தான். மச்சு அறையில் பலகைத் தளத்தில் மெத்தை விரித்துப் போட்டார்கள். வெளியே மழை வெளுத்து வாங்க, உள்ளே பிள்ளை கால்மேல் கால் போட்டுத் தூங்கியது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக அவர் மழைச் சத்தத்தைக் கேட்டதில்லை.

நிம்மதி நீடிக்க விடுவார்களா? முன்னறையை நினைவில்லமாகத் திறந்துவைக்க அமைச்சர் வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரி கொல்லை வாசல் வழியாக ஓடிவந்தார்.

"அம்மா, காப்பாத்தணும். அமைச்சர் தலையில ஒரு சொட்டு விழுந்தே ஆகணும். மேலேருந்து நீங்க ஒரு டம்ளர் தண்ணியை இடுக்குல ஊத்திடுங்க போதும்."

"மேல பிள்ளை தூங்குது. தண்ணியும் கிண்ணியும் நான் அங்கே கொண்டுபோக மாட்டேன்."

"சொட்டு விழலேன்னா நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினதா வீட்டையே துறை எடுத்துக்கும். என் கையில இல்லம்மா. என் வேலையும் போயிடும்."

டீச்சர் மச்சை நிமிர்ந்து பார்த்தார். வீடு போனால் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? ஆனாலும், "ஈரத்துல என் பேரனைப் போட முடியாது. என்ன வேணா பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டார்.

அமைச்சர் வந்தார். ரிப்பனை வெட்டினார். மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வழுக்கைத் தலையைச் சரியாக இடுக்குக்கு நேரே வைத்துக்கொண்டார். கேமராக்காரர்கள் தயாரானார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி சுவரைப் பார்த்தார். கண்டக்டர் மெல்ல, "வரும், வரும், பின்னாடியே வந்துக்கிட்டிருக்கு," என்று சமாதானம் சொன்னார். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பொட்.

அமைச்சர் சிலிர்த்தார். இன்னொன்று. அப்புறம் கடகடவென்று நாலைந்து. கைதட்டல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நெற்றி வழியாக இறங்கி உதட்டுக்கு வந்ததை அமைச்சர் நாக்கால் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"வெதுவெதுப்பா இருக்கு," என்றார். "லேசா உப்புக் கரிக்குது. நண்பர்களே, இது மழை இல்லை. அந்த மாமேதையோட கண்ணீர்!"

கூட்டம் உருகிப்போயிற்று. முன்வரிசையில் இருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தார்கள். வக்கீலம்மாவுக்கு உச்சந்தலையிலேயே ஒன்று கிடைத்தது, அன்றிரவே நாவல் ஆரம்பிக்கப்போவதாக அறிவித்தார். விமர்சகர் கைக்குட்டையில் ஒற்றி எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டீச்சரும் அதிகாரியும் மட்டும் மச்சுக்கு ஓடினார்கள். கூரை காய்ந்துதான் இருந்தது. பேரன் மெத்தையை விட்டு உருண்டு, பலகை இடுக்கு மேல் மல்லாந்து கிடந்தான். பொக்கைவாயைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தான். அவன் அரையில் துணி இல்லை.

அதிகாரி மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, இது நம்ம மூணு பேரோட போகட்டும்."

"ஐயோ, கீழே போய்ச் சொல்லிடலாம் சார். பாவம், நக்கிப் பார்க்கிறாங்களே!"

"யார்கிட்ட சொல்றது? அமைச்சர்கிட்டயா? நீங்க போய்ச் சொல்றீங்களா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். போய்ச் சொல்லவில்லை.

அமைச்சர் புறப்படும்போது வாய்மொழி உத்தரவு போட்டுவிட்டார். கண்ணீர் தினமும் விழவேண்டும். அதே வெதுவெதுப்போடு, அதே உப்போடு. ஒருநாள்கூடத் தவறக்கூடாது. அமைச்சர் உத்தரவை மீற முடியுமா? அதிகாரி முறைப்படி ஒரு பணியிடத்தை உருவாக்கினார். பதவியின் பெயர் ஒழுக்கு உதவியாளர், தற்காலிகம். தகுதி: மேற்படி இல்லத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். உயர்ந்தபட்ச வயது ஒன்று.

நியமன உத்தரவோடு அவர் வந்தபோது டீச்சர் பத்ரகாளியாக நின்றார்.

"பச்சைப்புள்ளைய வேலைக்கு வைக்க வந்திருக்கீங்களா? துணி கட்டாம பலகையில படுக்கப்போட்டு? வெட்கமா இல்லை? இந்த நாட்டுல ஆபீஸ்னு ஒன்னு உருப்படுமா?"

"கோச்சுக்காதீங்கம்மா. தற்காலிகம்தான். ஒரு வருஷம் நல்லபடியா போனா பெர்மனன்ட் ஆக்கிடுவாங்க."

டீச்சர் சட்டென்று நின்றார். "பெர்மனன்ட்டா?"

"ஆமாம்மா."

"அரசாங்க வேலையா?"

"அரசாங்க வேலைதான். பென்ஷன் உண்டு."

"உட்காருங்க சார்," என்றார் டீச்சர். "காப்பி சாப்பிடுறீங்களா?"

விஷயத்தை எவ்வளவு மூடினாலும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் யாரும் காறித் துப்பவில்லை, சிரிக்கவில்லை, தலைக்குக் குளிக்கவும் இல்லை. ஆளுக்கொரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு காலியிடம் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். நாவலைப் பாதியில் விட்டுவிட்டு வக்கீலம்மாவும் தன் தங்கை பிள்ளையோடு வந்து, "நம்ம வீட்டுலயும் ரெண்டு ஓட்டை சும்மாதானே கிடக்கு டீச்சர், உங்க அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்று கெஞ்சினார்.

மழைக்காலம் முடிந்தது. மகள் பெட்டியைக் கட்டினாள்.

"எங்கேடி கிளம்புறே?"

"எங்க வீட்டுக்கும்மா. அவர் தனியா இருக்காரு இல்ல?"

"மாப்பிள்ளை இங்கே வந்து இருக்கட்டும். பெர்மனன்ட் ஆகாம உத்தியோகத்தைப் பாதியில விட்டுட்டுப் போவாங்களா? புத்தி இருக்கா உனக்கு?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழே கூட்டம் நிறைந்துவிட்டது. "உள்ள போங்க, தலையை நேரா வைங்க, இதோ விழப்போகுது," என்று கண்டக்டர் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மேல என்ன ஆச்சு? ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க," என்று கீழேயிருந்து கத்தினார்.

டீச்சர் குனிந்து பேரனுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. நிமிர்ந்து மகளைப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலேருந்து பால் குடுத்தியா இல்லையா? நீயெல்லாம் ஒரு தாயா? பச்சைப்புள்ளைய இப்படியா காய விடுவே?"